போர்வெல் மோட்டாரைத் தூக்காத ஜெனரேட்டர்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் பில்லில் உள்ள வாடிக்கையாளர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஜெனரேட்டர் தயாரிப்பு நிறுவனம்.
நகல்: எனக்கு விற்ற டீலர்.

நாள்: 6.1.2025

பொருள்: 2024 ஆகஸ்டில் வாங்கிய 3.5 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் புயல் சமயத்தில் பழுதானது, ஆபத்தான முறையில் வீட்டில் மாட்டிக் கொடுத்தது, வாரண்டி மறுத்தது குறித்து.

ஐயா / அம்மா,

உங்கள் டோல்ஃப்ரீ எண்ணில் ஆறு முறை பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதுக் குரல், ஒவ்வொரு முறையும் கதையை முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் ஜெனரேட்டர் என்பது வசதிக்காக வாங்கும் பொருள் இல்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது எங்கள் முந்திரித் தோப்பும் பலா மரங்களும் ஒரே காலையில் படுத்துவிட்டன. மரம் போனது ஒரு பக்கம். எங்கள் தெருவில் 22 நாள் கரண்ட் இல்லை. கிணறு தூர்ந்து போர் போட்ட வீடுகளில் குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. டிராக்டரில் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு ஒருவர் வீடு வீடாக வருவார், அரை மணி நேரம் மோட்டார் ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டுக் காசு வாங்கிப் போவார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவர் வரும் சத்தத்துக்காகக் காத்திருந்தவள் நான்.

இப்போது வீட்டில் அத்தை (என் மாமியார், வயது 74), பிளஸ் டூ படிக்கும் மகள், நான். கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். அத்தைக்கு நுரையீரல் சரியில்லை. முப்பது வருடம் முந்திரிக்கொட்டை சுட்ட புகையில் உட்கார்ந்திருந்தவர். போன வருடம் முதல் இரவில் ஆக்சிஜன் மெஷின் வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அது சுமார் 350 வாட் இழுக்கும். எங்களிடம் இருக்கும் இன்வெர்ட்டருக்கு ஒரே ஒரு 150 ஏ.எச். பேட்டரி. ஃபேனும் லைட்டும் மட்டும் என்றால் ராத்திரி முழுக்கத் தாங்கும். இந்த மெஷினைப் போட்டால் நாலு மணி நேரம்கூட வராது. அதனால்தான் மழைக்காலம் வருமுன்னே ஜெனரேட்டர் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

டீலர் கடைக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை. என்னென்ன ஓட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: ஆக்சிஜன் மெஷின், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் சார்ஜ், நாலு லைட், மூன்று ஃபேன், 1.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். உங்கள் விற்பனையாளர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்து, "சார் வரலையா?" என்றார். நான்தான் வாங்குகிறேன் என்றேன். தாளின் ஓரத்தில் "3.5 ஓகே" என்று பேனாவால் எழுதி, "எல்லாமே ஓடும் மேடம், டவுட்டே வேண்டாம்" என்றார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். விலை ரூ.58,500. ஃபிட்டிங் சார்ஜ் என்று தனியாக ரூ.2,500. இரண்டும் ஒரே பில்லில்தான் இருக்கிறது.

மாட்டிக் கொடுக்க ஒரு பையன் வந்தார். போர்ட்டிகோவில், அத்தை படுக்கும் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே மெஷினை வைத்தார். மெஷினில் எர்த் போல்ட் இருந்தது, அதில் ஒயர் இல்லை. "சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வேண்டாமா தம்பி?" என்று கேட்டேன். லைன் கரண்ட்டும் ஜெனரேட்டர் கரண்ட்டும் ஒன்றோடொன்று சேராமல் பிரித்து வைக்கும் ஸ்விட்ச் அது. "அது தனிச் செலவுக்கா" என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒரு ஒயரைக் கொடுத்தார். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை போர்ட்டிகோ பவர் பாயிண்ட்டில். "மெயினை ஆஃப் பண்ணிட்டு இதைச் சொருகுங்க, வீடு பூரா எரியும், அவ்ளோதான்." இரண்டு டியூப் லைட்டும் ஒரு ஃபேனும் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். மோட்டாரைப் போட்டுப் பாருங்கள் என்றேன். தொட்டி நிறைந்திருக்கிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த அப்புறம் நவம்பர் 30ஆம் தேதிதான் வந்தது.

அன்று சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. ஃபெஞ்சல் புயல் ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரை ஏறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது உங்களுக்கும் தெரியும். ஜெனரேட்டரின் செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்று சொல்லித்தான் கூடுதல் பணம் கொடுத்து செல்ஃப் ஸ்டார்ட் வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து மழையில் அரை மணி நேரம் கயிறு இழுத்தார். ஆகஸ்டில் ஊற்றிய பெட்ரோல் மூன்று மாதமாகக் கார்புரேட்டரில் நின்று பிசின் போல் அடைத்திருந்தது என்று பிறகு தெரிந்தது. மாதம் ஒரு முறை ஓட்ட வேண்டும், வேலை முடிந்தால் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை விட வேண்டும் என்று உங்கள் பையன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கையேட்டில் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது.

ஒரு வழியாக ஸ்டார்ட் ஆனது. அரை மணி நேரத்தில் அத்தை அறைக்குள் புகை. மகளுக்குத் தலைவலி, வாந்தி வருவது போல் இருக்கிறது என்றாள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்று புத்தகத்தில் படித்தவள் அவள்தான், "அம்மா, முதல்ல இதை வெளிய தள்ளு" என்று கத்தினாள். மூச்சு விட முடியாதவருக்காக வாங்கிய மெஷின் அவர் ஜன்னலுக்குள்ளேயே புகையை விட்டுக்கொண்டிருந்தது. கொட்டும் மழையில் நாங்கள் இருவரும் அதை மாட்டுக்கொட்டகைக்கு உருட்டிக்கொண்டு போனதை அத்தை இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

மறுநாள், டிசம்பர் 1, தொட்டி காலி. ஃபிரிட்ஜை நிறுத்தினேன், ஃபேன்களை நிறுத்தினேன், இன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டேன். ஆக்சிஜன் மெஷினை மட்டும் விட்டு மோட்டாரைப் போட்டேன். எஞ்சின் முக்கியது. லைட் மங்கியது. வோல்டேஜ் விழுந்து ஆக்சிஜன் மெஷின் அலறியது. உடனே நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை முயன்றேன். அதோடு சரி. எஞ்சின் ஓடுகிறது, கரண்ட் வரவில்லை.

உங்கள் டீலரின் போன் அன்றும் மறுநாளும் ஸ்விட்ச் ஆஃப். டோல்ஃப்ரீயில் புகார் எண் கொடுத்து 48 மணி நேரத்தில் ஆள் வருவார் என்றார்கள். சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டுத் தென்பெண்ணையில் வெள்ளம் போன நாட்கள் அவை, ஆள் வர முடியாது என்பது எனக்கும் புரியும். அதைச் சொல்லியிருக்கலாம். நான் வேறு வழி பார்த்திருப்பேன்.

வேறு வழி எங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர்தான். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போடுகிறவர். நாளைக்கு 2,000 ரூபாய் வாடகை, டீசல் தனி என்று தன் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். உங்கள் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். முன்பக்கம் பெரிய ஸ்டிக்கரில் 3.5. பின்பக்கம், தரையோடு தரையாக இருக்கும் தகட்டில், அதிகபட்சம் 3.5 கே.வி.ஏ., தொடர்ந்து ஓட 2.8 கே.வி.ஏ. (மிஞ்சிப் போனால் 2,800 வாட்) என்று பொடி எழுத்தில் இருப்பதை டார்ச் அடித்துக் காட்டினார். "ஒண்ணரை எச்.பி. மோட்டார் கிளம்புற நேரத்துல ஓடுறதைவிட நாலஞ்சு மடங்கு கரண்ட் இழுக்கும்மா. அது ஒண்ணுக்கே அஞ்சு கே.வி.ஏ. வேணும். இதுல எப்படி ஓடும்?" என்றார். சரி, கிளம்பும் நேரத்தை விடுங்கள். ஓடும்போது அந்த மோட்டார் ஏறக்குறைய 1,800 வாட், ஆக்சிஜன் மெஷின் 350, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் சார்ஜ், ஃபேன், லைட் என்று கூட்டிப் பாருங்கள், 2.8ஐத் தாண்டும். நான் கொடுத்த தாளில் ஒரு கூட்டல் கணக்குப் போட்டிருந்தாலே உங்கள் விற்பனையாளருக்கு இது தெரிந்திருக்கும். மைக் செட் போடுகிறவருக்குத் தெரிகிறது.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த அந்த ஒயரை அவர் தொடவே மறுத்துவிட்டார். தன் மெஷினில் இருந்து தனி ஒயர் இழுத்து நேராக ஃபிரிட்ஜுக்கும் ஆக்சிஜன் மெஷினுக்கும் கொடுத்தார், மோட்டாரின் ஒயரை ஸ்டார்ட்டர் பெட்டியில் கழற்றித் தனியாக ஓட்டினார். ஏன் என்பது 4ஆம் தேதி விளங்கியது. சாய்ந்த கம்பத்தை நிமிர்த்த வந்த மின்வாரிய லைன்மேன், ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் கம்பத்துக்குப் போகாமல் முதலில் எங்கள் வீட்டுக்குள்தான் வந்தார். மெயினைப் பார்த்தார். சுவரில் தொங்கிய அந்த ஒயரையும் பார்த்தார். "யாருங்க இதைக் கொடுத்தது? மெயினை ஆஃப் பண்ண ஒரு நாள் மறந்தீங்கன்னா உங்க வீட்டு 230 வோல்ட் லைன்ல திரும்பிப் போகும். டிரான்ஸ்ஃபார்மர்ல தலைகீழா ஏறி அந்தப் பக்கம் பதினோராயிரம் ஆகும். மேலே இருக்கிறது நானா இருந்தா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சொருகாத முனையில் பித்தளைப் பின் இரண்டும் கரண்டோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மகள் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. நான்கு மாதம் அது போர்ட்டிகோவில் ஆணியில் தொங்கியது. 5ஆம் தேதி மதியம் கரண்ட் வந்தது.

உங்கள் டெக்னீஷியன் வந்தது டிசம்பர் 14. திறந்து பார்த்து ஏ.வி.ஆர். (வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்) எரிந்துவிட்டது, ஓவர்லோடு என்றார். ஆங்கிலத்தில் ஏதோ எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டார். மகள் படித்துப் பார்த்தாள், "வாடிக்கையாளரின் தவறான பயன்பாடு" என்று இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் உங்களிடம் இருந்து மெயில்: தவறான பயன்பாடு என்பதால் வாரண்டி பொருந்தாது, ஏ.வி.ஆர். மாற்ற ரூ.6,800 ஆகும், ஒயரிங் வேலை டீலரின் பொறுப்பு, நிறுவனத்துக்குச் சம்பந்தம் இல்லை.

மோட்டார் ஓடும் என்று சொல்லித்தான் விற்றீர்கள். மோட்டாரைப் போட்டது தவறான பயன்பாடு என்றால், அதை "ஓகே" என்று எழுதிக் கொடுத்த கைக்கு என்ன பெயர்? ஃபிட்டிங் சார்ஜ் உங்கள் பெயர் போட்ட பில்லில், உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்கிறது. பணம் வாங்கும்போது ஒரே நிறுவனம், பதில் சொல்லும்போது மட்டும் இரண்டாகப் பிரிந்துகொள்வதை நான் ஏற்க முடியாது.

நான் கேட்பது இதுதான். இந்த மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும், அதாவது ரூ.61,000, திருப்பித் தாருங்கள். அல்லது என் தாளில் உள்ள எல்லாவற்றையும் ஓட்டக்கூடிய மெஷினைக் கொடுங்கள். விலை வித்தியாசத்தை நான் கட்டுகிறேன், அதில் தகராறு இல்லை. ஆனால் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச், எர்த், வீட்டை விட்டுத் தள்ளி மழை படாத இடத்தில் மேடை என எல்லாம் போட்டு, மோட்டாரை என் கண் முன்னால் ஓட்டிக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். நான்கு நாள் வாடகை ரூ.8,000, டீசல் ரூ.3,150, இரண்டுக்கும் ரசீது இணைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன், இது எனக்காக இல்லை. எங்கள் ஊரிலேயே இன்னும் மூன்று வீட்டில் உங்கள் மெஷின் இருக்கிறது. மூன்றிலும் அதே மாதிரி ஒயர்தான் கொடுத்திருக்கிறீர்கள், நானே போய்ப் பார்த்தேன். இந்தப் பகுதியில் நீங்கள் விற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்பி அந்த ஒயர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உங்கள் செலவில் சேஞ்ச் ஓவர் போட்டுக் கொடுங்கள். என் பணம் தாமதமானாலும் பரவாயில்லை, இது முதலில் நடக்கட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நானே பேசலாம், இரண்டு வருடம் அவகாசமும் இருக்கிறது. எல்லாம் விசாரித்துவிட்டேன்.

மெஷின் மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி இருக்கிறது. ஆள் அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே போன் செய்யுங்கள், காலையில் நான் தோப்பில் இருப்பேன். அந்த ஒயரை ஒரு முனையை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன், வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், விற்பனையாளர் எழுதிய தாளின் படம், பின்பக்கத் தகட்டின் படம், ஒயரின் படம், வாடகை மற்றும் டீசல் ரசீதுகள், தங்கள் மெயிலின் நகல்.