கப்பல் ஏறும் முன்பே கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளுவாங் பக்கம் ஒரு நாற்காலி, மேசை தொழிற்சாலையில் ஏற்றுமதிக் கிராணியாக இருக்கிறேன். ஏறக்குறைய 25 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரங்கள்தான் எங்களுக்குப் பலகை. அம்மா பால் வெட்டிய மரமும் ஒன்றிரண்டு அமெரிக்கா போயிருக்கலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடல்வழியாக அமெரிக்கா போகும் சரக்குக்கு அந்நாட்டுச் சுங்கத்துறை 2009 ஜனவரியிலிருந்து முன்கூட்டியே விவரம் கேட்கிறது. சரக்கை அனுப்பித் தரும் போர்வர்டிங் ஆட்கள் இதை ‘டென் பிளஸ் டூ’ என்பார்கள். அங்கே இறக்குமதி செய்பவர் பத்து விவரம், கப்பல் கம்பெனி இரண்டு. கப்பல் அங்கே போய்ச் சேர 24 மணி நேரத்துக்கு முன் கொடுத்தால் போதும் என்று இங்கே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். பத்தில் எட்டை, இங்கே தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தில் கொள்கலன் கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். சரக்கை எங்கே அடுக்கினார்கள், யார் ஒன்றுசேர்த்தார்கள் என்ற இரண்டுக்கு மட்டும்தான் கப்பல் போய்ச் சேரும் கணக்கு.

“அது வாங்குறவன் வேலைம்மா” என்பார் முதலாளி. பதிவு செய்வது வாங்குபவர்தான், ஆனால் பொருளைச் செய்தது யார், எந்த நாட்டுப் பொருள், ஆறு இலக்கச் சுங்க எண் என்ன என்பதையெல்லாம் நாம் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை மெத்தை இல்லாத மர நாற்காலிக்கு 9401.69, சாப்பாட்டு மேசைக்கு 9403.60 என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ‘தளவாடம்’ என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது, நான் பார்த்தது திங்கட்கிழமை, அதற்குள் எங்கள் கொள்கலனை ஏற்றாமலே கப்பல் போய்விட்டது. அப்புறம் துறைமுகத்தில் கிடந்த நாளுக்கெல்லாம் வாடகை. தாமதப் பதிவுக்கு 5,000 டாலர் வரை அபராதம் போடலாம், நம் காசுக்கு ஏறக்குறைய 20,000 ரிங்கிட். அது இறக்குமதியாளர் தலையில் விழும், அவர் அடுத்த ஆர்டரை வியட்நாமுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்.

தோட்டத்திலிருந்து வந்து இந்த வேலையில் உட்காரும் பிள்ளைகளுக்கு யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை, திட்டு வாங்கித்தான் கற்றுக்கொள்கிறோம். கடன் வாங்குவது எப்படி என்று நம் வணிகச் சங்கங்கள் கூட்டம் போடுகின்றன, இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாமே. உங்கள் வணிகப் பக்கத்திலும் அந்தப் பத்து விவரங்களைத் தமிழில் போட்டால் வெட்டி என் மேசையில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓர் ஏற்றுமதிக் கிராணி,
குளுவாங், ஜொகூர்.