ஜெபம்பண்ணி, காவலும் வைத்தோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களின் இறைநம்பிக்கை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கர்த்தரை நம்புகிற தலைவன் முன்னேற்பாடுகளில் மனதை அலையவிட மாட்டான் என்று சொல்லி, அதற்கு வேதாகமத்திலிருந்து நீதிமொழிகள் 3:5-ஐக் காட்டியிருந்தார் கட்டுரையாளர். “உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்” என்றுதான் அந்த வசனம் சொல்கிறது. புத்தியைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 2011 டிசம்பர் 29 எனக்கு மறக்காது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறப் போகிறது என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் போட்ட பந்தலை எங்கள் சபையில் இன்னும் பிரிக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கூடத்தில் இரண்டு குடும்பங்கள் வந்து தங்கியிருந்தன. அவர்களைக் கான்கிரீட் கட்டடம் எதற்காவது மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். பொறுப்பில் இருந்தவர், “விசுவாசி புயலுக்குப் பயப்படலாமா? ஜெபித்துவிட்டோம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். நானும் கமிட்டியில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. விடியற்காலையில் கூரை ஓடு ஓடாகப் பறந்தது. பிள்ளைகளைச் சேலையில் சுற்றிக்கொண்டு அந்தத் தாய்மார்கள் இருட்டில் பக்கத்து மாடி வீட்டுக்கு ஓடினார்கள். யாருக்கும் அடிபடவில்லை, ஸ்தோத்திரம்.

அதற்கு முந்தைய சாயங்காலம் தேவனாம்பட்டினத்தில் மீனவர்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு பெரியவர் கடலைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் குனிந்து, தென்னை மரத்தில் கட்டிய கயிற்றை இன்னொரு சுற்று சுற்றி முடிச்சை இறுக்கினார். அந்த முடிச்சு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

புயலுக்குப் பிறகுதான் வேதாகமத்தில் நெகேமியாவை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். அவர் பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரர். இடிந்து கிடந்த எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்ட வந்தவர். அந்த வேலையை எதிர்த்த சன்பல்லாத்தும் தொபியாவும் யுத்தம்பண்ண வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் எழுதுவது இது: “ஆனாலும் நாங்கள் எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, அவர்களினிமித்தம் இரவும் பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்” (4:9).

‘ஜெபம்பண்ணி’ என்பது எச்சம். அங்கே வாக்கியம் முடியவில்லை. ‘வைத்தோம்’ என்ற இடத்தில்தான் முடிகிறது. எங்கள் சபை அன்றைக்கு எச்சத்தோடு நின்றுவிட்டது. இரண்டாம் அதிகாரத்திலும் இதே கதைதான். ராஜா “நீ கேட்கிற காரியம் என்ன?” என்கிறார். நெகேமியா மனதுக்குள் ஜெபம்பண்ணுகிறார், உடனே வாயைத் திறந்து கேட்கிறார். வழியில் தடை வராமல் இருக்கக் கடிதம், வாசல்களுக்கு மரம் கொடுக்கும்படி வனத்துக் காவலாளனுக்கு ஒரு கடிதம் என்று என்னென்ன தேவை என்பதை முன்பே யோசித்து வைத்திருக்கிறார். ஊருக்கு வந்த பிறகும் யாரிடமும் சொல்லாமல், இராத்திரியில் போய் இடிந்த மதிலைத் தன் கண்ணாலேயே பார்க்கிறார். இதெல்லாம் அவிசுவாசமா? 52 நாளில் அலங்கம் முடிந்தபோது, இந்தக் கிரியை தேவனால் கைகூடிவந்தது என்று சுற்றிலும் இருந்த பகைவர்களே உணர்ந்தார்கள் என்றுதான் ஆறாம் அதிகாரம் சொல்கிறது.

கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் கடலூர் மாதிரி கடலோர ஊரில் சபைகளையும் சங்கங்களையும் நடத்துகிறவர்கள் அந்தக் கட்டுரையைப் படிப்பார்கள், ஐப்பசி கார்த்திகையில் அதை அப்படியே சொல்லவும் செய்வார்கள். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன். அவர் அடுத்து எழுதும்போது நெகேமியா 4:23-ஐயும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காவல் வைத்துவிட்டு அந்தத் தலைவர் வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை. அவரும் அவருடைய சகோதரரும் வேலைக்காரரும் காவற்காரரும் உடுத்திய துணியைக்கூடக் களையாமல் இருந்தார்கள் என்று அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்.