மணிக்கணக்கு

அன்புள்ள நெட்டையா,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. நீ போட்ட இரண்டு கடிதமும் மேசை மேலேயே கிடக்கின்றன. ஏன் பதில் இல்லை என்று நீ கேட்டிருந்தால் "வேலை" என்று சொல்லித் தப்பித்திருப்பேன். இந்தக் கடிதமும் அந்த வேலையைப் பற்றித்தான். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்.

போன மாதம் 30ஆம் தேதி, ராத்திரி எட்டரை இருக்கும். மாதக் கடைசிக் கணக்கு. ஆபீசில் நானும் வாசலில் காவலாளியும்தான். வீட்டிலிருந்து போன், எப்போது கிளம்புகிறீர்கள் என்று. "இன்னும் அரை மணி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு என்னவோ. நாக்கு தடித்து, எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அவள் சிரித்துக்கொண்டே, "என்ன, குடிச்சிருக்கீங்களா?" என்றாள். வலது கையிலிருந்த பேனா எப்போது விழுந்ததோ தெரியாது. எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் திரும்பிவிட்டது.

இனிமேல் சொல்வதை நம் கூட்டத்தில் யாரிடமும் சொல்லிவிடாதே, முக்கியமாக வாத்தியாரிடம். நாக்கு திரும்பியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மீதியிருந்த இரண்டு தாளையும் கூட்டிச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, கோப்பை மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். டாக்டரிடம் போனது மறுநாள் காலையில், அதுவும் அவள் பிடித்துத் தள்ளியதால்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினார். பிரஷர் 178க்கு 110. வந்து போனது சின்னப் பக்கவாதம், பெரியது வருவதற்கு முன் அடிக்கிற மணி, சிலருக்கு ஓரிரு நாளிலேயே பெரியதும் வந்துவிடும் என்றார். "வாய் குழறினால் அந்த நிமிடமே வரவேண்டும். கணக்கு முடிகிற வரை ரத்தக்குழாய் காத்திருக்குமா?" என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியாகத்தான் அந்தக் கேள்வி: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள்?

எனக்குத் தெரியவில்லை, நெட்டையா. ஊரார் கணக்கில் நாலு ரூபாய் இடித்தால் கண்டுபிடிக்கிறவன் நான். மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே கூட்டிப் பார்த்தேன். ஆபீஸ் 58. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் 4. படுத்துக்கொண்டே போனில் பதில் அனுப்புவதையும் சேர்த்தால் 66. இரண்டு தடவை கூட்டியும் அதேதான்.

அன்றிலிருந்து இதே படிப்பு. நீ சிரிப்பாய், ஆனாலும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் பக்கவாதத்திலும் மாரடைப்பு போன்ற இதய நோயிலும் 2016ஆம் ஆண்டு மட்டும் ஏறக்குறைய 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. வாரம் 35 முதல் 40 மணி வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். 55 மணி உழைக்கிற எல்லோரும் விழுந்துவிடுவதில்லை, அது எனக்கும் தெரியும். என் பிரஷருக்கு என் அப்பாவும் ஒரு காரணம். ஆனால் என்னைக் குத்தியது வேறு விஷயம். அப்படி இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் 60 முதல் 79 வயதுக்காரர்கள். 45 வயதுக்கு மேல் உழைத்த உழைப்புக்கான வசூல் அது. வட்டி சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. உனக்கும் எனக்கும் இப்போது 52.

உன் பதில் எனக்குத் தெரியும். "எனக்கு என் வேலை பிடிக்கும்டா, பிடித்த வேலை உடம்பைத் தின்னாது." நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசி நெருக்கடியில் எனக்கு ஒரு உற்சாகமே வரும், உனக்குத் தெரியுமே. அந்த உற்சாகம்தான் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற அதே சுரப்பு என்றார் டாக்டர். பிடித்துச் செய்கிறானா, பிடிக்காமல் செய்கிறானா என்று இதயம் விசாரிப்பதில்லை. அதோடு தூக்கம் குறைகிறது, நாற்காலியை விட்டு எழுவதில்லை, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, நாலு வருடமாகப் பிரஷர் பார்க்கவே நேரமில்லை. உழைப்பு நேராக வந்து அடிப்பது பாதி என்றால், இப்படிச் சுற்றி வளைத்து அடிப்பது மீதி.

அவள் குடித்தீர்களா என்று கேட்டாளே, அதற்கும் ஓர் ஆராய்ச்சி அகப்பட்டது. 1997இல் ஆஸ்திரேலியாவில் செய்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர்களின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்ததாம். அந்த நிலையில் நான் எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!

கணக்கனாக எனக்கு இன்னும் பொறுக்காதது ஒன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் குண்டு செய்யும் ஆலைகளில் எடுத்த பதிவுகளைப் பின்னால் ஒரு பொருளாதார அறிஞர் அலசியிருக்கிறார். வாரம் 49 மணி வரை நேரம் கூடக்கூட உற்பத்தியும் கூடியது. அதற்கு மேல் கூடிய ஒவ்வொரு மணிக்கும் கிடைத்தது குறைந்துகொண்டே போனது. 70 மணி உழைத்தாலும் 56 மணிக்கு வந்ததைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. அந்த 14 மணி நேரம் காந்தி கணக்கு! ஒரு நாளைக்கு 8, வாரத்துக்கு 48 என்று 1919லேயே உலக அளவில் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். நாம்தான் நம் கையாலேயே அதை அழித்துக்கொண்டிருக்கிறோம். வயிற்றுப்பாட்டுக்காக இரண்டு வேலை பார்க்கிறவனிடம் போய் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது. அவனுக்கு வேறு வழியில்லை. உனக்கும் எனக்கும் அப்படியா? நானே இருந்து முடித்தேன் என்று மறுநாள் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளத்தானே பாதி நாள் உட்கார்ந்திருந்தோம்?

இப்போது ஆறரைக்குக் கிளம்பிவிடுகிறேன். முதல் வாரம் திருடன் மாதிரி இருந்தது. பையை மேசைக்கடியில் மறைத்து வைத்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நழுவினேன். மேலதிகாரி முகம் கொஞ்சம் கோணியது. கணக்கு மட்டும் வழக்கம்போல அதே தேதியில் முடிந்தது, அதுதான் எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருக்கிறது. மாத்திரை தினம் ஒன்று. 140க்கு 90க்கு வந்திருக்கிறது, இன்னும் இறங்க வேண்டுமாம்.

சின்னவளுக்கு வேலை கிடைத்தது பற்றி எழுதியிருந்தாய், மிகவும் சந்தோஷம். குண்டன் பணத்தைத் திருப்பித் தந்தானா? தரமாட்டான்.

உன் கடைசிக் கடிதத்தில் மேலே "இரவு 1.20, இப்போதுதான் வீடு வந்தேன்" என்று எழுதியிருந்தாயே, அன்று படித்தபோது உன்மேல் பொறாமையாக இருந்தது. நேற்று எடுத்துப் படித்தேன், பயமாக இருந்தது. இந்த வாரம் முழுக்க நேரத்தைக் குறித்து வை. போனில் பதில் போடுவதையும் விட்டுவிடாதே, பொய்க் கணக்கு என்றால் நான் கண்டுபிடித்துவிடுவேன். பிரஷரும் பார்த்துவிட்டு இரண்டு எண்ணையும் எழுது. மற்ற கதையெல்லாம் அப்புறம்.

உன்,
கணக்குப்பிள்ளை