அக்கறை இல்லாதவர்கள் பெற்றோர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளின் நிதி நெருக்கடி பற்றித் தங்கள் நாளிதழ் அண்மையில் எழுதிய தலையங்கத்தின் கடைசிப் பத்தியில், பள்ளி மேலாண்மைக் குழுக்கள் பெயரளவில் இயங்குவதற்குப் பெற்றோரின் அக்கறையின்மையே முதற்காரணம் என்று ஒரு வரி இருந்தது. நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த நான், 2022இல் மறுகட்டமைப்புச் செய்யப்பட்ட குழுவில், எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் பெற்றோர் உறுப்பினராக இருந்தவள். அந்த வரியை எழுதிய அன்பர் எந்தப் பள்ளியின் எந்தக் கூட்டத்தில் அமர்ந்து எங்கள் அக்கறையை அளந்தார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தாங்கள் அறியாததல்ல. குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும், பள்ளிக்கு வரும் மானியம் எவ்வாறு செலவாகிறது என்பதைக் கண்காணிப்பது அக்குழுவின் கடமை என்றும் அது சொல்கிறது. கூட்டமோ வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் தறியை விட்டு இறங்கினால் அன்றைய கூலி குறையும். நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் பிற்பகல் வருகைப் புகைப்படம் எடுத்து முடியும்வரை வேலையிடத்தை விட்டு அகல முடியவில்லை. கூட்ட அறிவிப்பு முதல் நாள் மாலை பிள்ளையின் டைரியில் ஒரு துண்டுச் சீட்டாக வரும்; சில மாதங்களில் அதுவும் வராது. வராதவர்களின் வீட்டுக்குத் தீர்மானப் பதிவேடு ஒரு மாணவியின் கையில் தவறாமல் வந்து சேரும். தீர்மானங்கள் முன்னரே எழுதப்பட்டிருக்கும்; கீழே கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்திருப்பார்கள். அந்த மட்டில் எங்கள் அக்கறை அவர்களுக்கு மிகவும் தேவைப்பட்டது.

நான் வணிகவியல் படித்தவள் என்பதால் பற்றுச் சீட்டுகளைப் பார்க்கலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் முப்பதுக்கு மேல், நூறுக்குள். எனவே ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் பத்து விழுக்காடாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. பணம் கல்வியாண்டின் கடைசியில்தான் வந்தது. மார்ச் 31க்குள் செலவு காட்டாவிட்டால் கைநழுவிவிடும் என்று சொல்லிச் சில நாட்களில் எல்லாம் வாங்கி முடிக்கப்பட்டது. சீட்டுகளில் பினாயில், துடைப்பம், சுண்ணாம்பு, காகிதக் கட்டு, 'குழாய் பழுது நீக்கம்' என்று வரிசையாக இருந்தன. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் குழாயோ அதன் பிறகும் கயிற்றால் கட்டப்பட்டே கிடந்தது. தண்ணீரை வாளியில் சுமந்துதான் ஊற்றினார்கள். இதைக் கூட்டத்தில் சொன்னபோது, "உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம்?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்கள்.

அந்த மரியாதையின் பலன் 2024 ஆகஸ்டில் தெரிந்தது. குழுவின் உறுப்பினர் எண்ணிக்கையை 20இலிருந்து 24 ஆக உயர்த்தி, முன்னாள் மாணவர்களையும் சேர்த்துப் புதிய குழுவைப் பெற்றோரே தேர்ந்தெடுப்பார்கள் என்று அறிவித்திருந்தார்கள். தங்கள் நாளிதழும் அதை வரவேற்று எழுதியது. எங்கள் பள்ளியில் ஒரு தாளிலிருந்து பெயர்கள் வாசிக்கப்பட்டன, கை தட்டச் சொன்னார்கள், தேநீரும் பிஸ்கட்டும் வந்தன, புகைப்படம் எடுத்தார்கள். போட்டியிட விரும்புவோர் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நான் எழுந்து நின்றபோது, நீங்கள்தான் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டீர்களே என்றார்கள். மறுநாள் தங்கள் மாவட்டப் பக்கத்தில் 'ஒருமனதாகத் தேர்வு' என்று செய்தி வந்தது. அதை மறுத்து நான் எழுதிய கடிதம் தங்கள் அலுவலகத்தில் எங்கேனும் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. 2016 முதல் 2019 வரை ஊராட்சிகளுக்குத் தேர்தலே நடக்கவில்லை. 2019 டிசம்பரில் எங்கள் மாவட்டம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனது. அவர்களுக்கான நாற்காலிகள் காலியாகக் கிடந்தபோது அது யாருடைய அக்கறையின்மை என்று தலையங்கம் எழுதக் காணோம்.

பி.எம். ஸ்ரீ என்னும் மத்தியப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடவில்லை என்பதற்காக, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குரிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்ததையும், மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றதையும் தாங்கள் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். எழுத வேண்டியதுதான், அந்தப் பணம் எங்கள் பிள்ளைகளுடையது, அதைத் தடுத்தது அநியாயம். ஆனால் வந்து சேர்ந்த 25,000 ரூபாய்க்குக் கணக்குக் கேட்ட ஒரு தாய்க்கு எந்த நீதிமன்றமும் இல்லை, தங்கள் நாளிதழில் நான்கு வரி இடமும் இல்லை.

எனது வேண்டுகோள் பெரிதன்று. ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டு மானியத்தின் வரவையும் செலவையும் வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதி வைக்கக் கல்வித் துறையை வலியுறுத்தி ஒரு செய்தி வெளியிடுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் இரண்டு நாள் முன்னதாக மாவட்டப் பக்கத்தில் போடுங்கள். நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே மிஞ்சும் இடமே போதும். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டு எங்கள் தெருப் பெண்கள் கையெழுத்திட்ட மனுவின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். இடப் பற்றாக்குறையால் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், பற்றுச் சீட்டுகளைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஆரணி வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.