பிக்கப்புக்கு எத்தனை கிலோ ஃப்ளைவீல்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்குச் சொல்லப் போவதில்லை. இடது முழங்கால் இன்னும் படுத்துகிறது என்று எழுதியிருந்தாய். என் முதுகும் அப்படித்தான். கியர்பாக்ஸை மார்பில் தாங்கி ஏற்றி மாட்டியவர்கள் நாம் என்று சொன்னால் இப்போது வீட்டில் சிரிக்கிறார்கள்.

கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சின் முனையில் கிளட்ச் வந்து அழுத்துகிற அந்தக் கனத்த சுழல் தட்டின், அதாவது ஃப்ளைவீலின், முகத்தில் நீலத் திட்டும் மயிரிழை வெடிப்பும் இருக்கிறது என்றால் லேத்தில் முகத்தைச் சீவி ஓட்டுகிற நிலை தாண்டிவிட்டது, புதிது வாங்கத்தான் வேண்டும். பழைய எடையே போதும் என்பது உன் கட்சி. பாதி எடையில் அலுமினியம் போட்டால் வண்டி பறக்கும் என்பது உன் மகன் கட்சி. பிக்கப்புக்கே பிக்கப் இல்லை என்று அவன் சொன்னதைப் படித்து எனக்கும் சிரிப்பு வந்தது.

முதலில் அவன் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் முழுக்கத் தப்பில்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 கிலோ எடை, 14 செ.மீ. ஆரம், சீரான தட்டு என்று வைத்துக்கொள். முதல் கியர் விகிதம் 4, பின் ஆக்சில் விகிதம் 4.1, டயரின் ஆரம் 35 செ.மீ. முதல் கியரில் வேகம் எடுக்கும்போது அந்த 12 கிலோ தட்டு, வண்டியில் கூடுதலாக 260 கிலோ ஏற்றியது போலக் கனக்கிறது. கியர் விகிதம் வர்க்கமாகப் பெருகுவதால் வருகிற வினை இது. எடையைப் பாதியாக்கினால் 130 கிலோவை இறக்கி வைத்த மாதிரி. காலி வண்டியில் அது நன்றாகவே தெரியும். ஆனால் அதே கணக்கை 0.85 விகிதமுள்ள டாப் கியரில் போட்டால் மொத்தமே 12 கிலோகூட வரவில்லை, பாதியாக்கி மிச்சம் 6 கிலோ. அவன் சொல்லும் பறத்தல் முதல் இரண்டு கியரோடு முடிந்துவிடும்.

உன் பக்கத்திலும் ஒரு பிசகு இருக்கிறது, கோபப்படாதே. கனமான ஃப்ளைவீல் போட்டால் ஏற்றத்தில் இழுவை கூடும் என்று எழுதியிருக்கிறாய். ஒரே வேகத்தில் நீண்ட ஏற்றம் ஏறும்போது ஃப்ளைவீல் ஒரு துளிகூட உதவாது. அங்கே இழுப்பது எஞ்சினின் டார்க், அதாவது அதன் முறுக்கு விசை மட்டும்தான். ஃப்ளைவீல் உண்டியல் மாதிரி, போட்டதைத்தான் எடுக்கலாம். அதிலிருந்து எடுக்கிற நேரம் கிளட்ச்சை விடுகிற அந்த ஒன்றிரண்டு நொடி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பழைய வண்டிக்கு ஒருதடவை ஆசைப்பட்டு லேசானதை மாட்டினேன். காலியாக ஓட்டிய முதல் வாரம் கொண்டாட்டம்தான். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் சீறுகிறது, கியர் மாற்றும்போது எஞ்சின் வேகம் சட்டென்று இறங்கி அடுத்த கியர் வெண்ணெயாக விழுகிறது. அப்புறம் ஒருநாள் முழு லோடு, மேட்டில் நின்று கிளம்பவேண்டும். கிளட்ச்சை வழக்கம்போல விட்டேன், எஞ்சின் ஆஃப். மறுபடி விட்டேன், மறுபடி ஆஃப். பின்னால் ஹாரன். மூன்றாவது தடவை ஆக்சிலரேட்டரை ஏற்றிப் பிடித்து, ஹாஃப் கிளட்ச்சில் நெடுநேரம் இழுத்துக் கிளப்பினேன். கேபினுக்குள் எரிந்த வாடை ஏறியது. அன்றிலிருந்து எல்லா மேட்டிலும் அதே கதை. கிளட்ச் பிளேட் சீக்கிரமே போய்விட்டது.

காரணம் எளிது. ஃப்ளைவீலில் தேங்கிய ஆற்றல் சுழலும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 750 ஆர்பிஎம்மில் இருப்பதைப்போல நான்கு மடங்கு 1500-இல் இருக்கும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடுகிற ஐடிலிங்கில் உண்டியல் கிட்டத்தட்ட காலி. அதில் எடையையும் பாதியாக்கினால், வேகத்தை ஏற்றித்தான் ஈடுகட்டவேண்டும். ஏற்றிய வேகத்தில் பெரும்பங்கு கிளட்ச்சில் வழுக்கிச் சூடாகப் போகிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வதும் ஃப்ளைவீல்தானே. உன் தட்டில் தெரிகிற நீலத் திட்டு அதன் கையெழுத்து.

எடையைப் பற்றியே பேசுகிறோம், எடை எங்கே இருக்கிறது என்பதையும் பார். குயவர் சக்கரத்தை நினைத்துக்கொள், விளிம்பில் கனம் இருப்பதால்தான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இரண்டு கையாலும் வனைய முடிகிறது. மையத்திலிருந்து 14 செ.மீ. தள்ளி இருக்கிற ஒரு கிலோ, 7 செ.மீ.யில் இருக்கிற நான்கு கிலோவுக்குச் சமம். அதனால் ஒரே எடை போட்டு விற்கிற இரண்டு ஃப்ளைவீல் ஓட்டும்போது ஒன்றாக இருக்காது. படத்தில் விளிம்பின் தடிமனைப் பார்த்துவிட்டு வாங்கு.

என் தீர்ப்பு இது: வாரத்தில் பாதி நாளாவது லோடு ஏற்றுகிறாய், பழைய எடையே போடு. மகன் மனம் கோணக்கூடாது என்றால் கால்வாசிக்கு மேல் குறைக்காதே, அதுவும் இரும்பிலேயே எடு. ரொம்ப லேசாகிவிட்டால் ஐடிலிங் நடுங்கும், கியர்பாக்ஸ் கடகடக்கும். சில வண்டிகளில் கிராங்க், அதாவது எஞ்சினின் சுழல் தண்டு, வேகம் ஏறி இறங்குவதைப் பார்த்து, ஏதோ சிலிண்டர் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்) என்று கம்ப்யூட்டர் செக் எஞ்சின் விளக்கையே போட்டுவிடும். பழைய வார்ப்பிரும்புத் தட்டையே லேத்தில் செதுக்கி இளைக்க வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் காதில் வாங்காதே. வெடிப்பு விட்ட வார்ப்பு வேகத்தில் உடைந்தால் அதை மூடியிருக்கிற பெல் ஹவுசிங் கூட்டைக் கிழித்துக்கொண்டு காலடிக்கே வரும்.

உன்னுடையது ஒற்றைத் தட்டு என்பதால் இரண்டு தட்டைச் சேர்த்துச் செய்கிற டூயல் மாஸ் ஃப்ளைவீல் கதையை விட்டுவிடுகிறேன், அது ஸ்பிரிங்கும் கிரீஸுமாகத் தனி ராமாயணம்.

பேலன்ஸ் விஷயத்தில் மட்டும் கவனம். சில எஞ்சின்களில் கிராங்கின் சமன் எடையில் ஒரு பங்கு ஃப்ளைவீலிலேயே இருக்கும். ஃபோர்டு 302 எஞ்சினையே எடுத்துக்கொள், அந்தப் பங்கு பழையவற்றுக்கு 28 அவுன்ஸ்-அங்குலம், பின்னால் வந்தவற்றுக்கு 50. போல்ட் துளை அச்சாகப் பொருந்தும், மாற்றி மாட்டினால் எஞ்சின் உதறிக்கொண்டு நிற்கும். உன் எஞ்சின் எந்த வகை என்று கையேட்டில் பார்த்துவிடு.

முழங்காலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருந்தாயே? பெடல் கடுமை ஃப்ளைவீலால் வருவதில்லை, கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டால் வருவது. அதில் கெட்டியான ரகத்தை மகன் எடுத்து வந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல். ஆனால் கனமான ஃப்ளைவீல் இருந்தால் கிளட்ச்சை அளந்து அளந்து விடுகிற வேலை குறையும், கால் அவ்வளவு நேரம் நடுவில் தொங்காது. அந்த வகையில் உனக்கு நல்லதுதான்.

பழையதைத் தூக்கி எறிவதற்குமுன் தராசில் வைத்து எடையையும், அதன் விளிம்பைச் சுற்றியிருக்கிற ரிங் கியரின் பல் எண்ணிக்கையையும் எழுதி அனுப்பு. பல் எண்ணிக்கை மாறினால் செல்ஃப் மோட்டார் சரியாகக் கடிக்காமல் போகலாம். எண்ணும்போது தொடங்கிய பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள். போனதடவை நீ எண்ணியதும் நான் எண்ணியதும் ஒத்துப்போகாமல் அரை நாள் சண்டை போட்டது எனக்கு மறக்கவில்லை.

அன்புடன்,
உன் பழைய பங்காளி