கீழ் வீட்டு டீச்சருக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

நேற்று ராத்திரி அப்பா செய்தி முழுவதையும் கேட்டார். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பி "என்ன சொன்னான்?" என்று கேட்கவில்லை. அவ்வளவுதான் சேதி. டிவியில் பேச்சு கேட்பதற்காக நானே செய்த சென்டர் ஸ்பீக்கரின் (டிவிக்குக் கீழே நடுவில் வைப்பது) பெட்டிக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, என் விரல் நகத்தில் இன்னும் மரப்பசை ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் தூங்கி எழுந்தால் இந்த வேகம் போய்விடும் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் செய்த முதல் சென்டர் ஸ்பீக்கரில் அப்பாவுக்கு வார்த்தை புரியாமல் போன மாதம் வீட்டில் என்ன பாடு என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி கிளறவில்லை. முதல் பெட்டியை நான் தூக்கிப் போடப் போனதும், அதை ஒருவர் தடுத்ததும் தெரிந்த கதைதான்.

தெரியாத கதை கீழ் வீட்டு டீச்சருடையது.

ஸ்பீக்கரை அளக்கும்போது ஒரு சத்தம் விடுவோம், அடித்தொண்டையில் ஆரம்பித்து விசில்வரை ஏறிப் போகும். அதை நான் மூன்று நாளாக விட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் டீச்சர் மேலே வந்துவிட்டார். "என்னப்பா அது, தினமும் ராத்திரி யாரோ மாடிப்படி ஏறி ஏறி அழுற மாதிரி இருக்கு?" திட்டத்தான் வந்திருக்கிறார், நியாயம்தான். நான் மன்னிப்புக் கேட்டு உட்காரச் சொன்னேன். மூட்டுவலி, தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் எழ முடியாது என்று சொல்லி, நேராகப் போய் ஓரத்தில் கிடந்த கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்தார். அது அப்பாவின் நாற்காலி. அப்பாவும் அதே காரணத்துக்காகத்தான் அதில் உட்காருவார்.

நான் செய்தியைப் போட்டுக் காட்டினேன், எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்ற பெருமையில். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இவன் ழகரத்தை முழுங்குறானே" என்றார். சோபா நடுவில் இருந்த எனக்கு ழகரம் ழகரமாகத்தான் கேட்டது. டீச்சருக்கு வயதாகிவிட்டது என்று மனதுக்குள் நினைத்தேன், மறைக்க விரும்பவில்லை. அப்பாவைப் பற்றியும் ஒரு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் விடவில்லை. "ஒரு பேப்பர் கொடு, சொல்வதை எழுதுதல் வச்சுப் பார்ப்போம்." நாற்பது வார்த்தைகளை என்னைப் போனில் பதியச் சொன்னார். மழை, மலை, வழி, வலி, பட்டு, பத்து, பாட்டு, பாத்து என்று ஒன்றோடொன்று குழம்பக்கூடியவை, வரிசையைக் கலைத்து. அதைச் சென்டர் ஸ்பீக்கரில் மட்டும் விட்டேன். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். அப்புறம் அந்த மூட்டுவலியோடு எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, சோபா நடுவில் உட்கார்ந்து, வரிசையை மாற்றிவிட்டு இன்னொரு முறை எழுதினார். பிறகு தன் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் தானே திருத்தினார். நடுவில் நாற்பதுக்கு 39. ஓரத்தில் 28. மழையெல்லாம் மலையாகியிருந்தது, பட்டு பத்தாகியிருந்தது. "என் காது ரெண்டு இடத்திலும் ஒண்ணுதானேப்பா" என்றார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சத்தத்தை அளக்கும் மைக்கை ஒரே ஒரு தடவைகூட நான் அப்பாவின் நாற்காலியில் வைத்ததில்லை. அளந்த ஒவ்வொரு முறையும் சோபா நடுவில், அதாவது நான் உட்காரும் இடத்தில்.

மறுநாள் வைத்தேன். 1,500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,500 அதிர்வு) பக்கத்தில் கிராஃப் கிணறு மாதிரி உள்ளே விழுந்தது. காரணம் கடையில் கிடைக்கும் பல சென்டர் ஸ்பீக்கர்களில் இருப்பதுதான்: இரண்டு வூஃபர் (அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்), நடுவே ட்வீட்டர் (உச்சச் சத்தத்துக்கான சின்னது), பெட்டி படுத்திருக்கும். நானும் பார்க்க லட்சணமாக இருக்கிறதென்று அதையே செய்திருந்தேன். வூஃபர்கள் நடுவுக்கு நடு 26 செ.மீ. தள்ளி இருந்தன. நேர் எதிரே உட்கார்ந்தால் இரண்டின் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும். அப்பாவின் நாற்காலி அந்த நேர்கோட்டிலிருந்து 25 டிகிரி ஓரமாக இருக்கிறது, அங்கே ஒரு வூஃபரின் சத்தம் மற்றதைவிட 11 செ.மீ. கூடுதலாக நடந்து வர வேண்டும். 1,560 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 22 செ.மீ., அதில் சரிபாதி இந்த 11. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது, இரண்டும் அடித்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் போகிறது. ட, த, ப இவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளமும், ழகரத்தை லகரத்திலிருந்து பிரிக்கும் குழைவும் பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சுற்றித்தான் இருக்கின்றன. உயிரெழுத்தின் உடம்பு கீழே இருப்பதால் சத்தம் மட்டும் குறைவில்லாமல் வரும், வார்த்தை வராது. நான் முட்டாள்தனமாக ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தம் அனுப்பும் கருவி) சென்டரின் சத்தத்தை மூன்று டெசிபெல், அப்புறம் ஆறு டெசிபெல் என்று ஏற்றிக்கொண்டே போனேன். ஓட்டையை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் ஓட்டைதானே.

வூஃபர், ட்வீட்டர், வூஃபர் என்ற இந்த அடுக்கை ஆராய்ந்து 1983-ல் கட்டுரை எழுதிய ஸ்பீக்கர் பொறியாளர் டி'அப்போலிட்டோ அதை நிமிர்ந்து நிற்கும் ஸ்பீக்கருக்காகத்தான் சொன்னார். டிவிக்குக் கீழே இடமில்லை என்று படுக்க வைத்தது நாம்தான்.

இரண்டாவது பெட்டியில் நடுவே ஒரு சின்ன மிட்ரேஞ்ச் (நடுத்தரச் சத்தத்துக்கான ஸ்பீக்கர்), அதன் தலைக்கு மேல் ட்வீட்டர், இரண்டு பக்கமும் வூஃபர். வூஃபர்கள் 34 செ.மீ. தள்ளியிருந்தாலும் 400 ஹெர்ட்ஸிலேயே ஒதுங்கி, மேலே உள்ளதை மிட்ரேஞ்சிடம் விட்டுவிடும். அந்த இடத்தில் அரை அலையே 43 செ.மீ. என்பதால் எந்த ஓரத்தில் உட்கார்ந்தாலும் அவை ஒன்றையொன்று முழுக்க அழிக்க முடியாது. பேச்சைத் தெளிவாக்கும் பகுதியெல்லாம் நடுவில் மிட்ரேஞ்சும் ட்வீட்டரும் சேர்ந்த அந்த ஒற்றைத் தூணிலிருந்து வருகிறது.

இதைச் செய்து முடிக்க உதவியவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிக்கும் சர்க்யூட்டான கிராஸ்ஓவரைக் கணினியில் போட்டுப் பார்த்து, ராத்திரி ஒரு மணிக்கு "மிட்ரேஞ்சுக்குத் தனி அறை கட்டாமல் விட்டால் வூஃபர் அதை உதைத்துக்கொண்டே இருக்கும்" என்று எழுதிய நண்பர், முன்பலகையில் ட்வீட்டர் விளிம்பு மேலே துருத்தாதபடி மில்லிமீட்டர் பிசகாமல் குழி எடுத்துக் கொடுத்த ஆசாரி, கிராஸ்ஓவரின் கம்பிச் சுருள்களான காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்திருந்ததைப் படத்தில் பார்த்துவிட்டு ஒன்றை நிமிர்த்தி வை, இல்லாவிட்டால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும் என்று அதட்டியவர், மிட்ரேஞ்சின் வயரை நான் தலைகீழாகச் சால்டர் செய்ததை 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுக் கண்டுபிடித்த அண்ணன் (ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வர வேண்டும், உள்ளே போனது), மைக்கைக் கேட்டதும் கொடுத்துத் திரும்பக் கேட்காமலே இருப்பவர், எம்.டி.எஃப். பலகை (மரத்தூளை அழுத்திச் செய்தது) அறுத்த தூசியை இரண்டு வாரம் பொறுத்துக்கொண்ட வீட்டார். நீங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால் டீச்சர் இல்லாமல் இது தொடங்கியே இருக்காது. உங்களிடம் இருந்ததெல்லாம் பிழை பார்க்கும் பொறுமை. நான் அப்பாவின் காதைக் குறை சொன்ன மாதிரி நீங்கள் என் ஸ்பீக்கரை எடுத்த எடுப்பில் குறை சொல்லவில்லை, இடம் மாறி உட்கார்ந்து சரிபார்த்தீர்கள்.

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்தான், அதை ஸ்பீக்கர் தீர்த்துவிடாது என்று தெரியும், பரிசோதனைக்கு அடுத்த வாரம் அழைத்துப் போகிறேன். ஆனால் "கேட்கலையாப்பா?" என்று எரிச்சலாக அவரிடம் இனி கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன். எத்தனை நாள் காப்பாற்றுவேனோ.

முந்தாநாள் புதுப் பெட்டியில், அப்பாவின் நாற்காலியில், டீச்சர் மறுபடி எழுதினார். நாற்பதுக்கு 38. தவறிய இரண்டில் ஒன்று நான் பதியும்போதே தப்பாகச் சொன்னதாம், அதனால் 39 என்று அடித்துத் திருத்தி அரை மார்க் குறைத்து வைத்திருக்கிறார். எதற்கு அரை மார்க் என்று கேட்டால், "கையெழுத்து என்னுது, உச்சரிப்பு உன்னுதாச்சே" என்றார்.

அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கேட்டீர்களே டீச்சர், தர முடியாது. பஞ்சு அடைப்பதற்கு முன் பின்பலகையின் உட்பக்கம் ஒட்டி, பன்னிரண்டு திருகும் முடுக்கியாகிவிட்டது.