சங்கரா, அந்த போனை அப்படியே வாங்கிவிடாதே

அன்பு சங்கரா,

நலம். சுகர் கட்டுக்குள் வந்துவிட்டது. பால்பாண்டி வீட்டு விசேஷத்துக்கு இருவரும் வருகிறோம்; மொய் எழுதும் இடத்தில் மட்டும் உன் பக்கத்தில் உட்காரமாட்டேன், காரணம் உனக்கே தெரியும். இத்தனை நாள் பதில் போடாதவன் இன்று அவசரமாக எழுதுகிறேன் என்றால், உன் மகனால்தான்.

கார்த்தி அமெரிக்காவிலிருந்து பொங்கலுக்கு வரும்போது உனக்கு ஐபோன் கொண்டுவருகிறான், அங்குள்ள செல்போன் கம்பெனி ஏடி அண்ட் டி-காரன் சும்மாவே கொடுத்தது என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் இடிக்கிறது. 800 டாலர் போன் என்றால் அதை 36 தவணையாக்கி மாதம் 22 டாலர் சொச்சம் பில்லில் ஏற்றுவான். அதே தொகையைக் கழிவு என்று அதே பில்லில் கழிப்பான். இதற்குப் பெயர் இலவசம்! 36 மாதமும் அவனிடமே இருந்தால்தான் கணக்கு நேராகும். பத்து மாதத்தில் மொத்தமாகக் கட்டித் தீர்த்தால் மீதி 26 மாதக் கழிவு, கிட்டத்தட்ட 578 டாலர், கைவிட்டுப் போகும். தீர்க்காவிட்டால், வேறு கம்பெனி சிம் வேலை செய்யாதபடி போனில் போட்டிருக்கும் பூட்டு திறக்காது. ஊருக்கு வந்ததும் நீ ஏர்டெல்லைப் போட்டால் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ என்று முழிக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொடுத்துத் திறந்துகொள்ளலாம் என்பாய். நோக்கியா காலத்தில் சரி. நெட்வொர்க் பூட்டுக்கு ஒரு எண் இருக்கும், அதை அடித்தால் திறக்கும், தப்பாகவே அடித்துக்கொண்டிருந்தால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். ஐபோனில் அடிப்பதற்கு எண்ணே கிடையாது. ஆக்டிவேட் ஆகும்போது போன் தன் ஐஎம்இஐ-யை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, ஆப்பிள் சர்வருக்குச் சொல்லும், எந்த நெட்வொர்க்கை அனுமதிக்கலாம் என்று அங்கிருந்து உத்தரவு வரும். அதன்பிறகு சிம்மின் தொடக்க எண்களைப் பார்க்கும்: ஏடி அண்ட் டி என்றால் 310-410. நம் நாட்டு சிம் 404 அல்லது 405-இல் தொடங்கும். பொருந்தாவிட்டால் சிக்னல் இல்லை. சிம்முக்கு அடியில் மெல்லிய சிப் தகடு ஒட்டி ஏமாற்றுவார்கள். அது ஒரு அப்டேட் வந்தால் செத்துவிடும். அதோடு ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடலில் சிம் தட்டே இல்லை, எல்லாம் இ-சிம், போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். தகட்டை எங்கே ஒட்டுவான்?

2007 ஜூன் 29-இல் முதல் ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோதே ஏடி அண்ட் டி மட்டும்தான், இரண்டு வருட ஒப்பந்தம். அதன் போட்டிக் கம்பெனி வெரைசனுக்கு 2011 பிப்ரவரியில்தான் கிடைத்தது. அதற்குள் நியூஜெர்சியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பொடியன் 2007 ஆகஸ்டிலேயே சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து பூட்டை உடைத்து, அந்த போனைக் கொடுத்து ஒரு நிஸான் காரும் மூன்று புது ஐபோனும் வாங்கிக்கொண்டான். அதே வருடம் ஜெர்மனியில் டி-மொபைல் மட்டுமே விற்றதை எதிர்த்து வோடஃபோன் கோர்ட்டுக்குப் போனது. தற்காலிகத் தடை வந்ததும் பூட்டு இல்லாத போனை டி-மொபைல் 999 யூரோவுக்கு விற்றது. ஒப்பந்தத்தோடு வாங்கினால் 399. சில வாரத்தில் தடை நீங்கியது, பழைய குருடி கதவைத் திறடி.

நம் ஊர்க் கூத்துதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2008-இல் ஏர்டெல்லும் வோடஃபோனும் ஐபோன் 3ஜி-யை 31,000 ரூபாய்க்கு விற்றன. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு பூட்டும் போட்டுக் கொடுத்தார்கள். தள்ளுபடி கொடுத்தவன் பூட்டினால் ஒரு நியாயம், இது என்ன நியாயம்? பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் பூட்டிய போன் விற்கவே கூடாது. அமெரிக்கா இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கார்த்தி விமானம் ஏறுவதற்கு முன்பே முடிக்கவேண்டும். தவணை பாக்கி இருக்கக்கூடாது; அவர்கள் நெட்வொர்க்கில் 60 நாளாவது ஓடியிருக்கவேண்டும். *#06# அடித்தால் ஐஎம்இஐ வரும். அதைக் கம்பெனியின் அன்லாக் பக்கத்தில் போட்டால் மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வரும். 24 மணி நேரத்துக்குள் அதை அழுத்தாவிட்டால் கோரிக்கை ரத்து. பலர் கோட்டை விடுவது இங்கேதான், ஸ்பேம் பெட்டியையும் பார்க்கச் சொல். அனுமதி வந்ததும் வைஃபையில் இணைத்து, செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே ‘கேரியர் லாக்’ பார்க்கட்டும். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால்தான் பெட்டியில் வைக்கவேண்டும். மாறாவிட்டால் பேக்கப் எடுத்து, முழுக்க அழித்து, மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தவணையை நிறுத்திவிட்டு வந்துவிடலாம் என்று எவனாவது அவனுக்கு யோசனை சொல்லியிருந்தால், வேண்டாம் சங்கரா. ஐஎம்இஐ கறுப்புப் பட்டியலுக்குப் போகும், பூட்டைத் திறந்தாலும் அந்தக் கறை போகாது. தவணை கட்டாதவன் என்ற பேரும் சேரும்; அவன் அங்கே கடன் வாங்கி வீடு வாங்க நினைக்கிற பையன்.

என்னைக் கேட்டால் அந்த போனை அவனே வைத்துக்கொள்ளட்டும். உனக்குத் திருநெல்வேலியிலேயே சிம் தட்டு உள்ள ஒன்றை வாங்கிவிடலாம். கார்த்தியிடம் தவணை எத்தனை பாக்கி என்று கேட்டு எழுது. ஐஎம்இஐ-யைப் போட்டோ எடுத்து அனுப்பாதே, டைப் அடித்து அனுப்பு. உன் போட்டோவில் 3-ம் 8-ம் ஒன்றாகத்தான் தெரியும்.

அன்புடன்,
முத்து